பார்த்தேன், சரி

பின்பனிக் காலம் ஓய்ந்த மனத்தோடு வருகிறது. முன்பனியின் முறுக்கு அதற்கு இல்லை. இளவேனிலின் நம்பிக்கையும் இன்னும் எட்டவில்லை. விடிந்த பின்னும் விடியாதது போல வெளிச்சம் தெருக்கோடியிலேயே தயங்கி நிற்கும். கூரை விளிம்பில் திரண்ட நீர்த்துளி, விழுவதா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு ஓசையின்றி விழும். மரங்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தவரைப் போல வெறுங்கிளைகளோடு நிற்கும். பிரிவுக்கு உரிய பருவமென்று இதைப் பழம்புலவர் வகுத்து வைத்தது வீணுக்கு அன்று. எதிரே வருபவர் முகம் கைக்கெட்டும் தூரம் வரும்வரை தெளியாத காலம் இது. அதுவரை நாம் வேண்டிய முகத்தை அந்த மங்கலின்மேல் வரைந்துகொண்டே நடக்கலாம்.

அப்படியொரு காலையில், கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு அவள் அலுவலகப் படியேறினாள். அங்கே அவளை நேரக்காரி என்றே அழைத்தார்கள். நேரம் தவறாதவள் என்பதால் வந்த பெயரன்று; அவள் பாதி நாள் தாமதமாகத்தான் வருவாள். கணினிகளுக்குள் ஓடும் காலத்தைப் பழுதுபார்ப்பது அவள் தொழில்.

கணினிக்குக் காலம் என்பது ஒற்றை எண். என்றோ ஒரு நாளை முதலாக வைத்து, அன்றுதொட்டு நொடிகளை அது எண்ணிக்கொண்டே வருகிறது. அந்த எண்ணை வைக்க முன்னோர் செய்த பெட்டி சிறியது. முப்பத்திரண்டு அறைகளே உடையது. அது நிரம்பும் நாள் தொலைவில் இல்லை. நிரம்பிய மறுநொடியில் எண் தலைகுப்புற விழுந்து, நூறாண்டுக்கும் முந்தைய காலத்தைக் காட்டும். ஆகவே சிறிய பெட்டிகளை எடுத்துவிட்டு அறுபத்துநான்கு அறைகள் கொண்ட பெரிய பெட்டிகளை வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் அச்சாணியை மாற்றுவதும் கேட்பதற்கு எளிய வேலைதான்.

அவள் பங்குக்கு வந்தது இயங்குதளத்தின் வலைப்பின்னல் பகுதி. வெளியிலிருந்து தரவுப் பொட்டலமாக வரும் ஒவ்வொரு பேக்கெட்டின் மீதும் அது வந்துசேர்ந்த நேரத்தை முத்திரையாகக் குத்தும் இடம் அது. பழைய நிரல்கள் முத்திரையைச் சிறிய பெட்டியில் கேட்கும். புதியவை பெரிய பெட்டியில் கேட்கும். கேட்டவர்க்குக் கேட்டபடி கொடுக்க வேண்டும். சிறியதைக் கேட்டவனுக்குப் பெரியதைக் கொடுத்தால் வழிந்து பக்கத்தில் இருப்பதை அழிக்கும். பெரியதைக் கேட்டவனுக்குச் சிறியதைக் கொடுத்தால் எண்ணின் தலை போய்விடும்.

இந்த மாற்றங்கள் சேரும் இயங்குதளப் பதிப்பு, இனி எவரும் கைவைக்க முடியாதபடி, வெள்ளிக்கிழமை பூட்டப்படுவதாக இருந்தது. பூட்டிய பின் அது மருத்துவமனைப் படுக்கைகளின் பக்கத்தில் மூச்சைக் கணக்கெடுக்கும் கருவிகளுக்குள்ளும், மின்தூக்கிகளுக்குள்ளும், நீரேற்று நிலையங்களின் சுவர்ப்பெட்டிகளுக்குள்ளும் போய்விடும். அவற்றை மறுபடி திறந்து பார்க்க எவரும் வரமாட்டார். பெட்டி நிரம்பும் நாளை அவை தனியாகவே சந்திக்க வேண்டும்.

"நேரக்காரம்மா, கொஞ்சம் இப்படி வாங்க." சோதனைக்காரர் தம் மூலையிலிருந்து கையசைத்தார். வழுக்கைத் தலையும் ஓயாத வாயும் உள்ளவர். அவர் மேசை நெடுகச் சின்னச் சின்னக் கருவிகள் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டு, கம்பிகளால் கோக்கப்பட்டு, சீறிக்கொண்டிருந்தன. அவற்றின் கடிகாரங்களையெல்லாம் அவர் எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். "உங்க பேக்கெட் ஒண்ணு என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல கிளம்பி இப்பதான் வந்து சேர்ந்திருக்கு. என்னன்னு கேளுங்க."

"விளையாடாதீங்க சார்."

"நான் விளையாடறேனா? இங்க பாருங்க. நேரா வர்றதெல்லாம் ஒழுங்கா வருது. போய்ச் சேராம திரும்பி வர்றது இருக்கு பாருங்க, அதுங்க மட்டும் குதிரை வண்டியில வருது."

போய்ச்சேர முடியாமல் திரும்பும் பேக்கெட்டுகள் ஒதுங்கி நிற்பதற்கென்று தனி வரிசை உண்டு. அந்த வரிசைக்கான பகுதியை அவள்தான் போன மாதம் மாற்றி எழுதியிருந்தாள். சோதனைக்காரரின் திரையிலேயே அதைத் திறந்தாள். பிழை கண்ணை உறுத்திக்கொண்டு கிடந்தது. எவர் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் சிறியதையே எடுத்து நீட்டும் ஒரு வரி. எழுதியவள் அவளே. பிழைக்கு நேர் மேலே, இயந்திரம் பொருட்படுத்தாத குறிப்பாக, இன்னொரு வரி இருந்தது:

எண்ணி முடியாத காலத்தை எண்ணுங்கால்

"இது என்னம்மா, நடுவுல பாட்டு?" என்றார் சோதனைக்காரர். "அதுவும் பாதியில நிக்குது. நான் நிரல் படிக்கிறவன்கூட இல்ல, டெஸ்ட் பண்றவன். எனக்கே பளிச்சுனு தெரியுது. வாசல் சார் இதை எப்படி விட்டாரு? என் சோதனைக் குறிப்புல ஒரு கமா விட்டுட்டாலே மூணு தடவை திருப்பி அனுப்புவாரே மனுஷன்!"

அவள் திரையில் அந்த அடியை இன்னொரு முறை படித்தாள்.

வாசல் என்று அலுவலகம் அழைத்தது அவளுடைய தம்பியை. வலைப்பின்னல் பகுதிக்குள் எந்த மாற்றம் நுழைவதாக இருந்தாலும் அவன் படித்து, தன் பெயரிட்டு, 'பார்த்தேன், சரி' என்று எழுதியாக வேண்டும். எழுதியவர் கண் ஒன்று, எழுதாதவர் கண் ஒன்று. இரண்டும் படாத எதுவும் உள்ளே போகலாகாது என்பது அங்கே அசையாத விதி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவன் என்று அவனுக்குப் பெயர். மற்றவர் மாற்றங்களைக் கிழிகிழியென்று கிழித்தான். அக்காவினுடையது மட்டும் அனுப்பிய கையோடு நுழைந்தது. வீட்டுச் சலுகை என்று சிலர் முணுமுணுத்தபோது அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள்: "அவன் என்னோடதைத்தான் ரெண்டு தடவை படிப்பான். உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர்களுடைய அப்பா அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தவர். பக்திப் பாடல் தொகுதிகளே பெரும்பாலும் அவரிடம் வரும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளில் விரல் வைத்துப் பார்த்து வர வேண்டும் என்பது அவர் முறை. அந்த வேலைக்கு அக்காளும் தம்பியும் அகப்பட்டார்கள். அலுப்புத் தட்டும்போது அப்பா சொந்தமாக ஓர் அடி கட்டிச் சொல்லி நிறுத்துவார். ஈற்றடியை முடித்தவருக்கு அன்று விரல் வைக்கும் வேலை கிடையாது.

அந்தப் பழக்கத்தை இருவரும் தொழிலுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். அவள் அனுப்பும் மாற்றத்தில் எங்கேனும் ஓர் அடியைக் குறிப்பாகச் செருகி வைப்பாள். அவன் படித்து வரும்போது அதைக் கண்டு, ஈற்றடியை எழுதி, கீழே 'இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்பு, வாசலில் கோலம் போடாதே' என்று கிண்டலும் எழுதுவான். உலகில் எத்தனையோ கருவிகளுக்குள் ஓடும் நிரலின் நடுவே, எவரும் அறியாத ஒரு வீட்டுப் பேச்சாக அது நடந்துவந்தது.

அப்பா படுக்கையில் விழுந்தபின் அவனிடமிருந்து ஈற்றடிகள் வரவில்லை. 'பார்த்தேன், சரி' மட்டும் வந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறவனிடம் பாட்டைக் கேட்பது எப்படி என்று அவளும் அடி செருகுவதை நிறுத்திக்கொண்டாள். கடைசி நாட்களில் அப்பா ஓர் அடி சொன்னார். மூச்சு வாங்கியது. "முடிங்க," என்றார். இருவரும் கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். எவராலும் முடிக்க இயலவில்லை. அந்த அடிதான் இது.

அப்பா போய்ச் சில மாதம் கழித்து, திரும்பி வரும் பேக்கெட்டுகளின் வரிசையை எழுதியபோது, அந்த அடியை அவள் உள்ளே வைத்தாள். படிப்பவன் தாண்டிப் போக முடியாத இடமாகப் பார்த்து வைத்தாள். 'பார்த்தேன், சரி' உடனே வந்தது. ஈற்றடி வரவில்லை, எடுத்துவிடு என்ற கிண்டலும் வரவில்லை. அந்த மௌனத்தை அவள் இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். பார்த்திருக்கிறான், கலங்கியிருக்கிறான், எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை என்று எண்ணினாள். அவளும் எடுக்கவில்லை. அப்படியே உள்ளே போயிற்று.

நேரே தம்பியின் அறைக்குப் போனாள். அண்மையில்தான் அவனுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்த தனியறை கிடைத்திருந்தது. மூன்று குழுக்களுக்குத் தலைமையும் கிடைத்திருந்தது. காதில் கேட்பொறியை மாட்டியபடி எவரிடமோ பேசிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் சிரித்து, உட்காரச் சொல்லி நாற்காலியைக் காலால் தள்ளினான்.

பேசி முடித்ததும், "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான்.

"போன மாசம் நான் அனுப்பினேனே, திரும்பி வர்ற பேக்கெட்டோட வரிசை. அதுல அப்பாவோட வரி இருந்துச்சே, பாத்தியாடா?"

"எந்த வரி?"

இரண்டே சொல். முகத்தில் கள்ளமே இல்லை. உண்மையிலேயே தெரியாதவனின் முகம். அதுதான் அவளைச் சாய்த்தது.

"எந்த வரின்னா கேக்கற?"

"ஏதாவது குறிப்பு எழுதியிருந்தியா? இருக்கும். எத்தனை வருது, எல்லாம் ஞாபகமா இருக்கும்?"

"படிச்சவனுக்கு அது மறக்காது."

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, நீ கோபப்படக் கூடாது. உன் பேருல எது வந்தாலும் தானாவே சரின்னு போடற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோமே, அப்போ. மூச்சுவிட நேரம் இல்லையேக்கா. உனக்கே தெரியும்."

"அப்பா போனப்புறம்?"

"அப்புறம் இந்தப் பொறுப்பெல்லாம் வந்துடுச்சு. அப்படியே ஓடட்டும்னு விட்டுட்டேன்."

"அப்பா தினமும் சாயங்காலம் உன்னைக் கேப்பாரே. 'அக்கா எழுதினதைப் பாத்தியா'ன்னு."

"அவருக்கு என்ன தெரியப்போகுது? நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

"பாத்தேம்ப்பா, சரியா இருக்குன்னு சொன்னே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவன் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான், மூடினான்.

"நான் சொல்றதைக் கேளு. இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தரையும் நம்பினதில்ல. படிக்காமலே நான் கையெழுத்துப் போடறது உன்னோடதுக்கு மட்டும்தான். உன் வேலை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அது மரியாதை இல்லையா?"

"நீ பாப்பேன்னு நம்பித்தானேடா நான் எழுதினேன்!"

குரல் உயர்ந்ததில் கண்ணாடி அதிர்ந்தது போலிருந்தது. இத்தனை நாள் அவள் துணிந்து எழுதியதற்கெல்லாம் காரணம், பின்னால் ஒரு கண் இருக்கிறது என்ற தெம்புதான். அவன் திரும்பியே பாராமல் இருந்ததற்குக் காரணமும் முன்னால் ஒரு கண் இருக்கிறது என்ற தெம்புதானாம். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். நடுவில் தூண் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவன் துயரம் என்று அவள் ஏந்தி வைத்திருந்த மௌனம், ஆளில்லாத அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு.

"அதுல தப்பு இருக்கு," என்றாள். "பெரிய தப்பு. அப்பா வரிக்கு அடியிலேயே."

அவன் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டான்.

"வெளிய சொல்லிடாதக்கா. வெள்ளிக்கிழமை பூட்டறாங்க. இப்போ ஸ்கிரிப்ட் அது இதுன்னு தெரிஞ்சா என் வாசல் போச்சு, இந்த ரூமும் போச்சு. நான் பாத்துக்கறேன். நீ போய் நிம்மதியா இரு."

நிம்மதியாக இரு என்ற சொல் அவளைப் படியிறங்கும் மட்டும் துரத்தியது. அப்பாவுக்குக் கொடுத்த அதே மருந்து.

ஆயினும் மனம் என்பது எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அன்று மாலை முழுவதும் அவள் அவனுக்காகத் தனக்குள்ளே வழக்காடினாள். அலைந்தான், களைத்தான், தப்பை உணர்ந்திருக்கிறான். பார்த்துக்கொள்கிறேன் என்றானே, உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பான். காலையில் வந்து அக்கா இன்னும் இரண்டு பிழை இருக்கிறது என்பான். அவ்வளவு போதும். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கமாட்டாள்.

காலையில் அவள் திரையைத் திறந்தபோது அவன் பார்த்துக்கொண்டது தெரிந்தது. பிழை திருத்தப்பட்டிருந்தது, ஒரே வரி. திருத்தியவர் இடத்தில் அவன் பெயர். மேலே விளக்கம்: 'எழுதியவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, மறுபார்வையில் கண்டறிந்து திருத்தப்பட்டது. தேவையற்ற குறிப்பு நீக்கப்பட்டது.'

அவள் அதை ஒரு முறைதான் படித்தாள். பிழை அவளுடையது, அதை அவன் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. மறுபார்வை என்று எழுதினான், அதையும் பொறுத்திருப்பாள். தேவையற்ற குறிப்பு. இப்போது அவன் அந்த அடியைப் பார்த்துவிட்டான். யாருடைய அடி என்று அறிந்து, கட்டிலருகே நின்றதை நினைத்து, அதன்பின்தான் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறான். படிக்காமல் செய்தது ஒன்று. படித்துச் செய்தது இது.

பூட்டுவதற்கு முந்தைய கூட்டம் அன்று நடந்தது. நீண்ட மேசை, ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள், சன்னலுக்கு வெளியே வெளுத்த பனி. தலைப்பக்கத்தில் பதிப்பம்மா அமர்ந்திருந்தார். பதிப்பை எப்போது பூட்டுவது, எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்பவர் என்பதால் அந்தப் பெயர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடும் பழக்கம் உள்ளவர். ஆனால் எவருடைய பூசி மெழுகலும் அவரிடம் எடுபடாது.

"வலைப்பின்னல்ல கடைசி நேரத்துல ஒண்ணு வந்துச்சாமே?" என்றார்.

"வந்துச்சு, போயிடுச்சு," என்றான் தம்பி. "நேத்து மறுபடியும் ஒரு தடவை பாத்தேன், கண்ணுல பட்டுது. திருத்தியாச்சு."

"வாசல் கண்ணுலேர்ந்து எது தப்பும்!" என்று ஒருவர் சொல்ல, மேசை சிரித்தது. தம்பியும் மெல்லச் சிரித்தான். சோதனைக்காரர் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பூட்டிடலாமா?" என்றார் பதிப்பம்மா. "நேரக்காரி, உன் பக்கம் எல்லாம் முடிஞ்சுதா?"

அவள் எழுந்து நின்றாள். எழ வேண்டிய கூட்டமன்று அது. எல்லாரும் உட்கார்ந்தபடியே பேசுவார்கள்.

"அந்தப் பிழை என்னோடதும்மா. நான்தான் தப்பா எழுதினேன். அதுக்கு யாரும் காரணம் இல்ல."

"சரி, அதான் திருத்தியாச்சே. இதுக்கா எழுந்து நின்னே? உக்காரு."

"இன்னும் இருக்கும்மா. என் மத்த மாற்றங்கள் எல்லாத்துலயும் தம்பி பேரு இருக்கு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். அறையில் அவன் ஒருவனே இருப்பது போலப் பேசினாள். "அதையெல்லாம் படிச்சேன்னு இங்க, இவங்க முன்னாடி, ஒரு வார்த்தை சொல்லு. நான் உக்காந்துடறேன். இனிமே இதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்."

அவள் மெய்யாகவே அதை விரும்பினாள். படித்தேன் என்று அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அன்று அவள் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. பிற்பாடு அவளுக்கே அது தெளிவாகத் தெரியவில்லை.

தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில், நீயா, என்னையா என்ற கேள்வி அப்பட்டமாக நின்றது. தான் செய்ததை அவன் மறந்தேபோனான். தனக்குச் செய்யப்படுவது மட்டும் தெரிந்தது. காட்டிக்கொடுக்கப்பட்டவனின் கண்ணாக அவன் கண் மாறுவதை அவள் நேருக்கு நேர் பார்த்தாள்.

"சொல்லுப்பா," என்றார் பதிப்பம்மா.

அவன் சொல்லவில்லை. மேசையில் எவரோ கோப்பையை நகர்த்திய சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நானே யோசிச்சேன்," என்றார் சோதனைக்காரர், யாரையும் பாராமல். "நேரக்காரம்மா அனுப்பினதும் சரின்னு வந்துடும். என் கருவிங்ககூட அவ்வளவு வேகமா பதில் சொல்லாது."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

பதிப்பம்மா தலைமேலிருந்த கண்ணாடியைத் தேடாமலே எடுத்து மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பூட்டு கிடையாது," என்றார். "நேரக்காரியோட எல்லாத்தையும் முதல்லேர்ந்து இன்னொருத்தர் படிக்கணும். ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல நிக்கப்போற சாமான் இது. வாசலை இன்னைக்கே வேற ஆள்கிட்ட கொடுங்க." தம்பியைப் பார்த்து, "நீ அப்புறம் என் ரூமுக்கு வா," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே கோபமாக இருந்தது.

கூட்டம் கலைந்தபோது அவன் அவள் பக்கத்தில் ஒரு கணம் நின்றான்.

"வேற யாராவது செஞ்சிருந்தா தாங்கியிருப்பேன்," என்றான்.

"நானும்தான்," என்றாள் அவள்.

அதன்பின் அலுவலகத்துக்கு இரண்டு வாய் உண்டாயிற்று. அவள் காதுபட ஒரு வாய், நல்ல காரியம் செய்தாய் என்றது. தேநீர் எந்திரத்தருகே இன்னொரு வாய், கூடப்பிறந்தவனையே இப்படிச் செய்தவள் நம்மை என்ன செய்யமாட்டாள் என்றது. அவள் வருவது தெரிந்ததும் அந்த வாய் சர்க்கரை எங்கே என்று கேட்கும். இரண்டையும் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது ஒன்றுதான்: மாற்றம் எழுதி முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி செருகக் கை போய் நிற்பது.

மறுபடி படிக்கும் வேலைக்குச் சோதனைக்காரர் தாமே வந்தார். "எனக்கு நிரல் தெரியாது, ஆனா படிக்கத் தெரியும்," என்றார். புதிய வாசற்காரரையும் வைத்துக்கொண்டு மூவரும் சன்னலோரம் அமர்ந்தார்கள். அவர் உரக்கப் படிக்க, அவளும் புதியவரும் திரையில் விரல் வைத்துப் பார்த்து வந்தார்கள். அடைப்புக்குறி வரும் இடத்திலெல்லாம் சோதனைக்காரர் தொண்டையைச் செருமினார். ஒரு பிற்பகலில் இன்னொரு பிழை அகப்பட்டது. சிறியதுதான், ஆயினும் பிழை. அது அகப்பட்டபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். மார்புக்குள் ஏதோ கீறிக்கொண்டு போயிற்று. இதையும் பார்க்கவில்லை. இதற்கும் சரி என்றான்.

அன்று படித்துக்கொண்டிருக்கையில் கதவருகே தம்பி வந்து நின்றான். அவனுக்குக் கண்ணாடி அறை போய்விட்டிருந்தது. கூடத்தின் நடுவே பொது மேசையில் இடம். கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"நான் படிக்கட்டுமாக்கா?"

சோதனைக்காரர் படிப்பதை நிறுத்தினார். அவள் திரும்பாமல் சன்னலையே பார்த்தாள். நாற்காலியின் கால் தரையில் பட்டும் படாமலும் தொங்குவது கண்ணாடிச் சன்னலில் தெரிந்தது. சின்ன வயதில் அச்சுத்தாளின்மேல் ஊர்ந்த அதே விரல்கள் அதைப் பிடித்திருந்தன.

"இன்னைக்கு வேணாம்," என்றாள். "எப்போன்னு நான் சொல்றேன்."

"சொல்லுவியா?"

"தெரியலைடா. பொய் சொல்ல மாட்டேன். தெரியல."

அவன் தலையசைத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டே திரும்பிப் போனான்.

பதிப்பு ஒருநாள் பூட்டப்பட்டது. அவள் மாற்றங்களின் கீழே இப்போது வேறு பெயர்கள் இருந்தன. மெய்யாகவே படித்தவர்களின் பெயர்கள். பெட்டிகளெல்லாம் பெரியவை. திரும்பி வரும் பேக்கெட்டுகளின் வரிசையில் பாட்டு இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள். நீக்கியதில் தவறில்லை, நீக்கியதற்கு அவன் எழுதிய சொல்லில்தான்.

மறுநாள் காலை அவள் சீக்கிரம் எழுந்தாள். பனி இன்னும் விலகவில்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு வெதுவெதுப்பு தொடங்கியிருந்தது. முகம் கழுவி, அலமாரியின் மேல்தட்டில் இருந்த சிறிய விளக்கைத் துடைத்து ஏற்றினாள். அப்பா பிழை பார்த்த பாடல் தொகுதி ஒன்று அங்கே இருந்தது; அதைத் திறக்காமல் அதன்மேல் கை வைத்தாள். கண்ணை மூடினாள். வழக்கமாகப் பாடும் பாட்டு எதுவும் நாவுக்கு வரவில்லை. கட்டிலருகே முடிக்க முடியாமற்போனது வந்தது. தாழ்ந்த குரலில், படித்துக் காட்டுபவளைப் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

எண்ணி முடியாத காலத்தை எண்ணுங்கால்
கண்ணாவாய் நீயே எனக்கு.

மனிதக் கண்ணைத் துணையென்று நம்பியவள் இப்போது அதை இறைவனிடம் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நெஞ்சிலிருந்த கீறல் அதனால் ஆறிவிடவில்லை. ஆறியதாக நடிக்கவும் அவள் முனையவில்லை. தட்டில் சிந்திய எண்ணெயை விரலால் துடைத்துத் திரியில் விட்டாள். சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

பிறகு, விளக்கின் முன் நின்றபடியே, கூடத்தின் நடுவே பொது மேசையில் உட்கார்ந்திருப்பவனை நினைத்துக்கொண்டு, கைகூப்பியவாறு சொன்னாள்:

"அவன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. எங்க இருந்தாலும் நல்லா இருடா, தம்பி."